பழைய கணினிகளைப் பற்றிய பொழுதுபோக்குத் தளங்கள்: மறையும் முன் பிரதி எடுப்பது எப்படி? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கமடோர் 64, ஸ்பெக்ட்ரம், அமிகா, பிபிசி மைக்ரோ போன்ற பழைய கணினிகளைப் பற்றித் தனி ஆட்கள் ஆசைக்காக நடத்திவரும் தளங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. அவற்றைப் பிரதி எடுத்து வைப்பது பற்றி வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ‘எதற்கு இந்த வேலை?’ என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு, ‘எந்த மென்பொருள், எந்த ஆப்ஷன்?’ என்று கேட்பவர்களுக்கும் உண்டு.

அந்தத் தளங்களில் அப்படி என்ன இருக்கிறது? விக்கிப்பீடியாவில் இல்லாததா?

கமடோர் 64 எந்த ஆண்டு வந்தது, எத்தனை விற்றது என்பதெல்லாம் விக்கிப்பீடியாவில் இருக்கும். பரணில் கிடந்த கமடோரை இன்று எடுத்து பிளக்கில் சொருகலாமா என்ற கேள்விக்கான பதில்தான் இந்தத் தளங்களில் இருக்கிறது. சொருகக் கூடாது. அதனுடன் வந்த பவர் சப்ளைக்குள் இருக்கும் ரெகுலேட்டர் வயதாகிப் பழுதானால், 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதற்கு மேல் வரும். கணினி அணைந்துவிடாது, மெமரி சிப்கள் வெந்துபோகும். பவர் சப்ளையின் உள்ளே எபாக்சி ஊற்றி இறுக்கி வைத்திருப்பதால் திறந்து சரிசெய்யவும் முடியாது. எந்தப் பின்னில் மல்டிமீட்டரை வைத்துப் பார்ப்பது, மாற்றுக்கு எதை வாங்குவது என்பதைப் படத்தோடு எழுதி வைத்தவர்கள் எல்லாரும் இப்படிப்பட்ட தனி ஆட்கள்தான்.

பிபிசி மைக்ரோவில் வேறு தொல்லை. அதன் பவர் சப்ளையில் காகிதச் சுருள் கொண்ட கெபாசிட்டர்கள் உண்டு. மேலுறை வெடிப்பு விட்டு ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். பல ஆண்டுகள் கழித்து மின்சாரம் கொடுத்தால் சில நிமிடங்களில் நாற்றமடிக்கும் புகை கிளம்பும். இது நமக்குத் தொடர்பில்லாத விஷயம் என்று நினைக்க வேண்டாம். 1984-இல் இந்திய அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ திட்டத்தில் பள்ளிகளுக்கு வந்தவை பிபிசி மைக்ரோக்கள்தான். எஸ்சிஎல் நிறுவனம் உரிமம் பெற்று ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் அதை இந்தியாவிலேயே தயாரித்தது. ஏதாவது ஒரு பள்ளியின் பழைய சாமான் அறையில் ஒன்று கண்ணில் பட்டால், உங்களுக்கு வழிகாட்டப் போவது இங்கிலாந்தில் யாரோ ஒருவர் பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய பக்கம்தான். கெபாசிட்டரை மாற்றாமல் பிளக்கில் சொருகாதீர்கள் என்று அவர்தான் சொல்லியிருப்பார்.

அவை ஏன் மறைகின்றன?

பெரும்பாலும் சாதாரணக் காரணங்கள்.

1990-களில் இணைய இணைப்பு வாங்கினால் சில மெகாபைட் இடம் இலவசமாகக் கிடைக்கும். பழைய கணினிப் பக்கங்கள் பல அங்கே பிறந்தவைதான். கம்பெனிகள் பிறகு அந்தச் சேவையை மூடின. அமெரிக்காவில் வெரைசான் 2014-இலும் காம்காஸ்ட் 2015-இலும் வாடிக்கையாளர்களின் சொந்தப் பக்கங்களை நிறுத்தின. ஏஓஎல் ஹோம்டவுன் 2008 அக்டோபரிலேயே போய்விட்டது. இதேபோல் சொந்தப் பக்கம் வைக்க இலவச இடம் தந்த, 1999-இல் யாஹூ வாங்கிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர் 26 அன்று மூடப்பட்டது. யாஹூ குரூப்ஸில் இருந்த பழைய செய்திகளும் கோப்புகளும் 2019-20-இல் அழிக்கப்பட்டன. குறிப்பிட்ட ஒரு கணினி மாடலுக்கென்றே நடந்த குழுக்கள் அங்கே நிறைய இருந்தன.

சொந்த டொமைன் வைத்திருப்பவர்களின் கதை வேறு. கார்டு காலாவதியாகும், பழைய மெயில் முகவரிக்குப் போகும் நினைவூட்டலை யாரும் பார்க்க மாட்டார்கள். டாட் காம் டொமைன் என்றால் காலாவதிக்குப் பிறகு அதிகபட்சம் 45 நாள் சலுகை, அதன்பின் 30 நாள் மீட்புக் காலம், கடைசியாக 5 நாள். அப்புறம் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். வாங்குபவர் சூதாட்ட விளம்பரம் போடுவார்.

இன்னொரு காரணத்தை வெளிப்படையாகச் சொல்ல யாரும் விரும்புவதில்லை. 1982-இல் பதினைந்து வயதில் ஸ்பெக்ட்ரம் வாங்கியவருக்கு இப்போது அறுபதை நெருங்குகிறது. அந்தக் கணினிகளை வடிவமைத்த, விற்ற, பழுதுபார்த்த தலைமுறை அதைவிட மூத்தது. தளத்தை நடத்துபவர் போனதும், ஹோஸ்டிங் பில் கட்டும் ஆளும் போய்விடுகிறார்.

தளம் அப்படியே இருந்தும் பாதி செத்துப்போவதும் உண்டு. 2017-இல், படங்களை ஏற்றிவைக்கும் தளமான போட்டோபக்கெட், வேறு தளங்களில் படம் காட்டுவதற்கு ஆண்டுக்கு 399.99 டாலர் கேட்டது. ‘இந்த வயரை இங்கே சால்டர் செய்யவும்’ என்ற வரிக்குக் கீழே படம் இருந்த இடம் வெறும் பெட்டியானது. 2021-இல் ஃபயர்ஃபாக்ஸும் குரோமும் எஃப்டிபி என்ற பழைய கோப்புப் பரிமாற்ற முறைக்கான ஆதரவை நீக்கிவிட்டன. அதனால் சர்வர் நன்றாக இயங்கினாலும் பழைய பக்கங்களில் உள்ள எஃப்டிபி லிங்க்கைச் சொடுக்கினால் ஒன்றும் வராது.

வேபேக் மெஷின் எல்லாவற்றையும் சேமித்துவிடுகிறதே?

இந்த நம்பிக்கையில்தான் பலரும் சும்மா இருந்துவிடுகிறார்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996 முதல் இணையத்தைச் சேமித்து வருகிறது, 2001-இல் அந்தச் சேமிப்பைப் பார்க்க உதவும் வேபேக் மெஷினைப் பொதுமக்களுக்குத் திறந்தது. அந்த நிறுவனம் இல்லையென்றால் இந்தப் பக்கத்தில் பேசுவதற்கே விஷயம் இருக்காது. ஆனால் அங்கே முகப்புப் பக்கம் இருப்பதை வைத்துத் தளம் முழுவதும் இருப்பதாக எண்ணக் கூடாது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். உங்களுக்குப் பிடித்த பழைய தளம் ஒன்றை வேபேக்கில் திறந்து, முகப்பிலிருந்து மூன்று சொடுக்கு உள்ளே போங்கள். எழுத்து இருக்கும், சில படங்கள் இருக்காது, ‘முழு சர்க்யூட் வரைபடம், ஜிப் கோப்பு’ என்ற லிங்க்கை அழுத்தினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். பெரிய கோப்புகள், சர்வரில் ஓடும் நிரல் (சிஜிஐ) வழியாக வரும் டவுன்லோட்கள், பக்கத்துக்குள் ஓடும் சின்ன நிரலான ஜாவா ஆப்லெட்டில் செய்த மெனு, ஒரே படத்தில் பல லிங்க் வைத்த வரைபடங்கள் என்று பழைய தளங்களில் இருக்கும் சங்கதிகள் எல்லாம் தானியங்கி சேகரிப்பான்கள் தடுக்கி விழும் இடங்கள். பழைய கணினி ஆர்வலருக்கு அந்த ஜிப்தான் உயிர். அதைச் சுற்றியுள்ள பக்கம் அதற்கான குறிப்பு மட்டுமே.

2024 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் இன்டர்நெட் ஆர்க்கைவே பல நாட்கள் முடங்கியது. உலகத்துக்கே பேக்கப்பாக இருக்கும் இடத்துக்கு இன்னொரு பேக்கப் வேண்டும் என்பது அன்று எல்லாருக்கும் புரிந்தது.

அதற்காக வேபேக்கை ஒதுக்கிவிட வேண்டாம். முதல் வேலையாக அங்கே ‘இப்போது சேமி’ வசதியில் முகவரியைக் கொடுங்கள். கணக்கு தொடங்கி உள்ளே நுழைந்திருந்தால், அந்தப் பக்கத்திலுள்ள லிங்க்குகளையும் சேர்த்துச் சேமிக்கச் சொல்லலாம். ஏற்கெனவே மறைந்துபோன தளத்தை மீட்பவர்களுக்கு ஒரு தந்திரம்: சேமித்த பக்கத்தின் முகவரியில் 14 இலக்கத்தில் தேதியும் நேரமும் இருக்கும். அதை ஒட்டி ஐ, டி என்ற இரண்டு ஆங்கிலச் சின்ன எழுத்துகளையும் ஓர் அடிக்கோட்டையும் (id_) சேர்த்தால், வேபேக் சேர்க்கும் மேல்பட்டையும் மாற்றிய லிங்க்குகளும் இல்லாமல் மூலக் கோப்பு அப்படியே கிடைக்கும்.

பெரிய களஞ்சியங்களுக்கும் ஆபத்தா?

ஆம். ஹாப்ஸ் கதையைக் கேளுங்கள். ஐபிஎம்மின் ஓஎஸ்/2 இயங்குதளத்துக்கான மென்பொருள்களைச் சேர்த்து வைத்த களஞ்சியம் அது. நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் சர்வரில் முப்பது ஆண்டுகள் போல இருந்தது. 2024 ஏப்ரல் 15 முதல் தளம் இருக்காது என்று அந்த ஆண்டின் தொடக்கத்தில் முகப்பில் ஓர் அறிவிப்பு வந்தது. செய்தி பரவியதும் ஆர்வலர்கள் முழுவதையும் இறக்கினார்கள். ஒரு பிரதி இன்டர்நெட் ஆர்க்கைவுக்குப் போனது. ஓஎஸ்/2-ஐ இன்றும் வேறு பெயரில் வளர்த்து விற்கும் ஆர்க்கா நோவே நிறுவனம் களஞ்சியத்தையே ஏற்று நடத்த முன்வந்தது. எதுவும் போகவில்லை.

அது தப்பியதற்குக் காரணம், முன்கூட்டியே சொன்னார்கள், மூன்று மாதம் கிடைத்தது. ஜியோசிட்டீஸுக்கும் அப்படித்தான். 2009 ஏப்ரலில் அறிவித்தார்கள், அக்டோபருக்குள் ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வக் குழு முடிந்தவரை அள்ளியது. 2010-இல் 600 ஜிபிக்கு மேற்பட்ட டாரென்ட்டாக வெளியிட்டது. நிறுவனம் மூடும்போது அறிவிப்பு வரும். ஒரு தனி ஆள் நடத்தும் தளம் அறிவிப்பு கொடுத்துவிட்டு மூடுவது அபூர்வம். ஒரு நாள் திறந்து பார்த்தால் இருக்காது, அவ்வளவுதான்.

எந்தத் தளத்தை முதலில் எடுப்பது?

புகழ்பெற்றதை அல்ல. வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம், அமிநெட், பிட்சேவர்ஸ் போன்றவற்றுக்கு ஏற்கெனவே பல பிரதிகள் உண்டு. நீங்கள் தேட வேண்டியவை, ஒரே ஒரு பிரிண்டர் மாடலைப் பற்றி, ஒரே ஒரு ஃப்ளாப்பி டிரைவின் ஹெட்டைச் சரிசெய்வது பற்றி எழுதப்பட்ட சின்னப் பக்கங்கள். முகவரியில் அலைக்குறி (~) இருந்தால் யாரோ ஒருவரின் பல்கலைக்கழகக் கணக்கிலோ இணைய நிறுவனக் கணக்கிலோ இருக்கும் பக்கம் அது, உடனே எடுங்கள். ‘கடைசியாகப் புதுப்பித்தது 2006’ என்று அடியில் இருந்தால் அதுவும் உடனே. உங்களுக்கு எது பயன்பட்டதோ, எதைப் பார்த்து நீங்கள் எதையாவது பழுதுபார்த்தீர்களோ, அதிலிருந்து தொடங்குவது இன்னும் நல்லது. ஒரு பக்கத்தில் எந்தப் படம் இல்லையென்றால் உபயோகமில்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, எப்படிப் பிரதி எடுப்பது?

கட்டளை வரி பழக்கமென்றால் டபிள்யூகெட் போதும். விண்டோஸில் பட்டன் அழுத்தி வேலை முடிய வேண்டுமென்றால் எச்டிடிராக். பிரவுசரில் நீங்கள் பார்க்கப் பார்க்கப் பதிவாக வேண்டுமென்றால் வெப்ரிகார்டர் குழுவின் ஆர்க்கைவ்வெப் நீட்சி.

டபிள்யூகெட்டில் சில விஷயங்களைக் கவனியுங்கள். லிங்க்குகளைத் தொடர்ந்து போய்த் தளம் முழுவதையும் இறக்கும் மிரர் ஆப்ஷனும், பக்கத்துக்குத் தேவையான படங்களையும் சேர்த்து எடுக்கும் ஆப்ஷனும் கட்டாயம். மேல் ஃபோல்டருக்குப் போகாதே என்ற ஆப்ஷனை மறந்தால், அலைக்குறித் தளம் ஒன்றை எடுக்கப் போய்ப் பல்கலைக்கழகத்தையே இறக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு கோப்புக்கும் நடுவில் இரண்டு மூன்று விநாடி இடைவெளி வையுங்கள். அந்தத் தளம் யாரோ ஒருவர் வீட்டு மூலையில் இருக்கும் பழைய கணினியிலிருந்தே வரலாம்; காப்பாற்றப் போய் அதைப் படுக்கவைக்கக் கூடாது.

லிங்க்குகளை உள்ளூருக்கு மாற்றும் ஆப்ஷன் வசதியானது. ஆனால் அது மூலப் பக்கத்தின் எச்டிஎம்எல்லைத் திருத்திவிடும். அதனால் மூலத்தையும் தனியே வைத்துக்கொள்ளும் ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட மேல், கூடவே வார்க் கோப்பும் எழுதச் சொல்வது. வார்க் என்பது இணையப் பக்கங்களைச் சேமிக்கும் ஐஎஸ்ஓ தர வடிவம். சர்வர் என்ன அனுப்பியதோ அதை, அனுப்பிய நேரத்தோடும் தலைப்புக் குறிப்புகளோடும் அச்சுப் பிசகாமல் வைக்கும். டபிள்யூகெட்டின் 1.14 பதிப்பு முதல் இந்த வசதி உண்டு. எடுத்ததை ரீப்ளேவெப் மூலம் பிரவுசரிலேயே திறந்து பார்க்கலாம்.

லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய தளம் விண்டோஸ் சர்வரில் இருந்திருந்தால், லிங்க்கில் பெரிய எழுத்தும் கோப்பின் பெயரில் சின்ன எழுத்துமாக இருந்தாலும் திறந்திருக்கும். அதையே லினக்ஸ் சர்வரில் ஏற்றினால் பாதிப் படங்கள் வராது. தலைகீழாகவும் நடக்கும்: லினக்ஸில் எழுத்தளவு மட்டும் வேறுபட்ட இரண்டு கோப்புகள் இருந்தால், விண்டோஸில் இறக்கும்போது ஒன்று மற்றொன்றின் மேல் எழுதிவிடும்.

எடுத்தது சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

கோப்பின் அளவைப் பாருங்கள். கமடோர் 64-இன் வழக்கமான 35 டிராக் டிஸ்க் பிரதி சரியாக 1,74,848 பைட் இருக்கும்: 683 பிளாக், பிளாக்குக்கு 256 பைட். 48கே ஸ்பெக்ட்ரத்தின் மெமரியை அப்படியே பதிந்துவைக்கும் எஸ்என்ஏ கோப்பு 49,179 பைட்: மெமரிக்கு 49,152, தலைப்புக்கு 27. நீங்கள் இறக்கிய டிஸ்க் கோப்பு இரண்டு கேபி மட்டும் இருந்தால் நோட்பேடில் திறந்து பாருங்கள். பெரும்பாலும் ‘பக்கம் கிடைக்கவில்லை’ என்ற எச்டிஎம்எல்தான் உள்ளே இருக்கும். சில சர்வர்கள் பிழைப் பக்கத்தையும் ‘எல்லாம் சரி’ என்ற குறியீட்டோடு அனுப்பும். மென்பொருளும் நம்பி அதே பெயரில் சேமித்துவிடும். கோப்பின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டால் இது பிடிபடாது. ஜிப்களை மொத்தமாகச் சோதித்துப் பாருங்கள். ஒன்றிரண்டை எமுலேட்டரில், அதாவது பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளில், ஓட்டியும் பாருங்கள். பிறகு இணையத்தைத் துண்டித்துவிட்டு உங்கள் பிரதியில் உலாவிப் பாருங்கள். எந்தப் படம் வெளித் தளத்திலிருந்து வந்துகொண்டிருந்தது என்பது அப்போது தெரிந்துவிடும்.

எழுத்து எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?

ரஷ்யாவில் ஸ்பெக்ட்ரம் நகல்களுக்குப் பெரிய ரசிகர் கூட்டம் உண்டு. அவர்களுடைய பழைய பக்கங்கள் பல கேஓஐ8 அல்லது விண்டோஸ் 1251 குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறை) இருக்கும். யுனிகோடாக ‘திருத்தி’ச் சேமிக்காதீர்கள். மூல பைட்டுகளை அப்படியே வையுங்கள், எந்தக் குறியாக்கம் என்பதைத் தனிக் குறிப்பில் எழுதுங்கள். நமக்கு இது புதிதில்லை. யுனிகோடுக்கு முன் டிஸ்கி, டாப், டாம் என்று பல குறியாக்கங்கள் இருந்த காலத்துத் தமிழ்ப் பக்கங்களைச் சேமிக்கும்போதும் இதே விதிதான். கூடவே எழுத்துருக் கோப்பையும் எடுக்க வேண்டும். எழுத்துரு இல்லாமல் எடுத்த டிஸ்கிப் பக்கத்தைப் படிக்க இன்று குறியாக்க மாற்றி மென்பொருளைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

அனுமதி வாங்க வேண்டாமா? காப்புரிமை?

எடுப்பது வேறு, வெளியிடுவது வேறு. என் வழக்கம்: முதலில் எனக்கென்று ஒரு பிரதி, அப்புறம் கடிதம், பதில் வந்த பிறகே பொதுவில். கட்டுரைகளும் படங்களும் எழுதியவருடையவை. இந்தியாவில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டும், பிரிட்டனில் 70 ஆண்டும் உரிமை நீடிக்கும். ‘பழசுதானே’ என்பது வாதமாகாது.

கேட்டால் கிடைக்கும் என்பதற்கு ஸ்பெக்ட்ரம் நல்ல சாட்சி. 1986-இல் சின்க்ளேரின் கணினித் தொழிலை வாங்கிய ஆம்ஸ்ட்ராட், உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, எமுலேட்டர்களோடு ஸ்பெக்ட்ரத்தின் ரோமை (ROM, கணினிக்குள் பதிந்த அடிப்படை மென்பொருள்) விநியோகிக்க 1999-இல் ஒப்புக்கொண்டது. வேர்ல்ட் ஆஃப் ஸ்பெக்ட்ரம் தளம் விளையாட்டு நிறுவனங்களை ஒவ்வொன்றாகக் கேட்டது. பலர் சம்மதித்தார்கள். மறுத்தவர்களின் விளையாட்டுகளை அந்தத் தளம் டவுன்லோடுக்கு வைக்கவில்லை. பட்டியலில் மட்டும் பெயர் இருந்தது.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். அவருடைய எந்தப் பக்கம் உங்களுக்கு எதில் உதவியது என்று முதல் வரியில் சொல்லுங்கள். தளத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளவும், தளம் நின்றுபோனால் அவர் பெயரோடு வெளியிடவும் அனுமதி கேளுங்கள். ஏற்றாமல் விட்ட ஸ்கேன்கள், பழைய ஃப்ளாப்பிகள் ஏதாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். இந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். தளத்தில் இருப்பதை எந்த மென்பொருளும் எடுத்துவிடும். அவர் அலமாரியில் இருப்பதை எடுக்க வேறு வழியே இல்லை. இந்த வேலையில் டபிள்யூகெட்டைவிட மெயில்தான் பெரிய கருவி என்று நான் நினைப்பது இதனால்தான்.

பதில் வரவில்லை. அல்லது அவர் காலமாகிவிட்டார். என்ன செய்வது?

பதில் வராவிட்டால் சில மாதம் கழித்து இன்னொரு முறை எழுதுங்கள், வேறு முகவரி கிடைத்தால் அதற்கும். அதுவும் பயனில்லை என்றால் உங்கள் பிரதி உங்களிடமே இருக்கட்டும். தளத்தை வேபேக்கில் சேர்க்கச் சொல்லுங்கள், அல்லது ஆர்க்கைவ் டீமின் அரட்டை அறையில் தளங்களைத் தானாக இறக்கும் அவர்களுடைய நிரலான ஆர்க்கைவ்பாட்டிடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

காலமானவர் என்றால் குடும்பத்தாரிடம் அவசரப்பட்டுப் பேச வேண்டாம். பேசும்போது டொமைன் எப்போது காலாவதியாகிறது என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள். அந்தத் தேதியை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ‘இந்தத் தேதிக்குள் இவ்வளவு கட்டினால் தளம் இன்னும் ஓராண்டு இருக்கும், நாங்களே கட்டுகிறோம்’ என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். தளத்துக்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பத்தை விளக்கப் புகுந்தால் புரியாது, புரிய வேண்டிய கட்டாயமும் இல்லை.

எடுத்ததை எங்கே வைப்பது?

வெவ்வேறு வீட்டில் இரண்டு ஹார்ட் டிஸ்க், அனுமதி கிடைத்தவற்றுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஒன்று. ஒவ்வொரு தளத்தோடும் ஓர் எளிய உரைக் கோப்பு: முகவரி, எடுத்த தேதி, எந்த மென்பொருள், எது வரவில்லை, அனுமதி உண்டா. அது இல்லாத பிரதியை ஐந்து ஆண்டு கழித்து நீங்களே அடையாளம் காண மாட்டீர்கள்.

நானே ஒரு தளம் வைத்திருக்கிறேன். மற்றவர்கள் வேலையை எப்படி எளிதாக்குவது?

முடிந்தவரை வெறும் எச்டிஎம்எல்லாக வையுங்கள். டேட்டாபேஸில் ஓடும் தளம் பாஸ்வேர்ட் தெரிந்தவரோடு போய்விடும். படங்களை உங்கள் சர்வரிலேயே வையுங்கள். டாட் காம் டொமைனுக்குப் பத்து ஆண்டு வரை முன்பணம் கட்டலாம். கையில் காசு இருக்கும்போது கட்டிவிடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது ஹோஸ்டிங் எங்கே என்று தெரிந்திருக்கட்டும். ‘நான் நடத்த முடியாமல் போனால் இந்தத் தளத்தை யாரும் பிரதி எடுத்து, என் பெயரோடு, இலவசமாக வெளியிடலாம்’ என்று ஒரு வரி முகப்பில் எழுதுங்கள். முழுத் தளத்தையும் ஒரே ஜிப்பாகக் கட்டி, கட்டிய தேதியோடு, முகப்பிலேயே டவுன்லோடுக்கு வையுங்கள். பக்கங்களைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்த ஜிப்பையும் புதிதாகக் கட்டுங்கள்.